தங்கம் நீலமான அன்று

தங்கம் வாங்குகிறவர்கள் அதன் மஞ்சளை உரசிப் பார்ப்பார்கள். அது எப்போது சிவக்கும் என்று ஆய்வகத்து அடுப்பருகே காத்துக் கிடந்தது நாங்கள்தான். ஆராய்ச்சி மாணவராக இருந்து நொந்தவர்களுக்கு மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒற்றைத் தோடு

தொண்ணூறுகளில் கோவையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சிக்குப் பதிந்திருந்தேன். ஆய்வுக்குத் தங்கம் வேண்டும் என்று கல்லூரியில் கேட்டால், "பார்க்கலாம்" என்பார்கள். கொடுமுடியில் காவிரியில் முங்கி எழுந்தபோது என் தோடு ஒன்று போய்விட்டது. மிஞ்சிய ஒற்றைத் தோட்டை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோய், செம்பு நீக்கிச் சுத்தத் தங்கமாக்கித் தரச் சொன்னேன். அமிலத்தில் கரைக்கப் போகிறேன் என்றதும் கடைக்காரர் தோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தங்கத்தப் போட்டுக்கறவங்களப் பாத்திருக்கறனுங்க, கொளம்பு வெக்கறவங்கள இப்பத்தானுங்க பாக்கறேன் அம்மணி."

அப்பா வந்தார்

அமிலத்தில் கரைத்த தங்கத்தைத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவிட்டு, எலுமிச்சை அமிலத்தின் உப்பான சிட்ரேட்டைச் சேர்த்தால் முதலில் கருக்கும், பிறகு குங்குமமாய்ச் சிவக்கும். கண்ணுக்குத் தெரியாத துகளாகிவிட்ட தங்கத்தின் மேல் வெளிச்சம் பட்டால், அதற்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள் எல்லாம் ஒன்றாக இப்படியும் அப்படியும் ஆடும். அந்த ஆட்டத்துக்குத்தான் பிளாஸ்மான் என்று பெயர். அது பச்சை வெளிச்சத்தை விழுங்கிவிட, மிச்சமுள்ள சிவப்பு நம் கண்ணுக்கு வரும். பெருந்துறையிலிருந்து வந்த அப்பாவிடம் குடுவையைத் தூக்கிக் காட்டி, இதுதான் அந்தத் தோடு என்று பெருமையாகச் சிரித்தேன்.

"நல்ல தங்கத்தக் கெடுத்துப்போட்டு, சிரிப்பு வேறயா கண்ணு?"

அரைக் குடுவை

என் ஆய்வைச் சோதிக்கத் தேர்வாளர் வரும் நாளில் சிவப்பு நிறம் காட்டாவிட்டால் என் பதிவு ரத்து என்று கல்லூரியில் எச்சரித்திருந்தார்கள். அன்று பாதிக் குடுவைச் சிவப்பை மேசையில் வைத்துவிட்டு அவரை அழைத்துவரப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நீலம்! எங்கள் ஆய்வக உதவியாளர் ரங்கசாமி அண்ணன், போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றிக் குடுவையை நிறைத்திருந்தார்.

"வந்தவங்க முன்னால ஆராச்சும் அரைச் செம்புத் தண்ணி வெப்பாங்களாங்க?"

கடைசிச் சிவப்பு

அழ நேரமில்லை. ஒரு சோதனைக்குழாயில் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. அதை மட்டும் காட்டித் தப்பித்திருக்கலாம். ஆனால் நீலமானதற்குக் காரணம் தெரிந்தவள் எதற்குப் பயப்பட வேண்டும்? தேர்வாளர் கண்ணெதிரே அந்தக் கடைசிச் சிவப்பிலும் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டேன். அதுவும் நீலமானது.

"அண்ணன் ஊத்துன போர்வெல் தண்ணியில இருந்த உப்பு, தனித்தனியா இருந்த துகளையெல்லாம் ஒட்ட வெச்சிருச்சுங்க ஐயா. ஒண்ணோட ஆட்டம் பக்கத்துல இருக்கறதையும் சேத்து இழுக்கறதுனால மந்தமாயிருதுங்க. அப்போ பச்சைக்குப் பதிலா, மெதுவா ஆடற சிவப்பு வெளிச்சத்த முழுங்கி, நீலத்த மிச்சம் விட்டுருதுங்க" என்றேன். அவர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆய்வேட்டு நன்றியுரையில, தண்ணி ஊத்துனவர் பேர மொதல்ல போடுங்க."

மண்டையை உடைத்துக்கொண்டு வாங்கிய டாக்டர் பட்டத்தில் கொஞ்சம் உப்புத் தண்ணீருக்கும் பங்குண்டு என்பதை எங்களில் பலர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.