மூஞ்சி பாக்கலன்னு சொன்ன மாணிக்கம் அண்ணன்

டீக்கடை மாணிக்கம் அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மகன் போன் செய்தான்... உடனே கிளம்பிவிட்டேன்.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் பஸ் திரும்பும் இடத்தில் அவர் கடை. எழுபதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணம் ஆகாத வயசு.

அந்த வருஷம் புளி சீசனில், கோவிந்தன் என்பவர் களத்தில் அடுக்கியிருந்த மூட்டைகளுக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். விடியற்காலை. நல்ல பனி.

முந்தின வாரம்தான் வழித் தகராறில் அவருக்கும் எனக்கும் கைகலப்பு. ஊர் மொத்தமும் என்னைப் பார்த்தது. நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல அம்மாவைத் தவிர ஆள் இல்லை.

கடை திறக்க வந்த மாணிக்கம் அண்ணன் மட்டும் யாரோ ஓடியதைப் பார்த்திருக்கிறார். ஊர்க்கூட்டத்தில் நிறுத்திக் கேட்டார்கள்.

"கம்பளி போத்திக்கினு ஒருத்தன் ஓடனான். மூஞ்சி பாக்கல."

"இவன் ஒசரந்தானே?" என்றார் கோவிந்தன்.

"அந்த ஒசரத்துல பாதி ஊரு இருக்குது. யாருன்னு எனக்குத் தெரியாது."

அவர் தலையாட்டியிருந்தால் என்னை ஊரைவிட்டே தள்ளி வைத்திருப்பார்கள்.

அவர் வாயை நான்தான் அடைத்துவிட்டதாகப் பேச்சு. கோவிந்தன் ஆட்கள் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். பெஞ்ச் பாதி காலி.

எனக்கோ வேறு சந்தேகம்... இந்த மனிதர் ஏன் என்னைக் காப்பாற்றுகிறார்? நாளைக்கு என்ன கேட்பார்? அவர் சும்மா சிரித்தாலும் உள்ளே ஏதோ இருப்பதாகத் தோன்றும்.

ஒருநாள் கடையில் யாரும் இல்லை. கேட்டேவிட்டேன்.

"எதுக்குண்ணே எனக்காகப் பேசினீங்க?"

"உனக்காக எங்கடா பேசினேன்? நீயா இருந்தாலும் இருக்கும். எனக்கு இன்னா தெரியும்?"

சுருக்கென்றது. இவருமா...

"நான் இல்லண்ணே."

"சரி."

"சரின்னா... நம்பறீங்களா?"

"நீ சொன்ன, கேட்டுக்கினேன். டீ ஆறுது, குடி."

கோபத்தில் கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பஸ்ஸுக்குக்கூட அடுத்த ஊர் வரை நடந்தேன்.

பிறகு எனக்குப் பெண் கொடுக்க ஆலங்காயத்திலிருந்து வந்தவர், மாணிக்கம் அண்ணனிடம்தான் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார்.

"நல்லா வேலை செய்வான். குடி கெடையாது. அந்தப் புளி விஷயம் மட்டும் எனக்குத் தெரியாதுங்க."

கேள்விப்பட்டதும் கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். மாமனார் தேதி குறிக்க வந்தார்.

"தெரியாதத தெரியாதுன்னு சொல்ற ஆளு, மிச்சத்துல பொய் சொல்லமாட்டாரு" என்றார்.

தீ வைத்தவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. கோவிந்தன் சாகும்வரை என் பேரைத்தான் சொன்னார். ஊருக்குப் போனால், வணக்கம் சொல்லும் சில முகங்களை இன்றைக்கும் நான் இரண்டாம் முறை பார்ப்பேன்... இவனாக இருக்குமோ?

மலை பஸ்ஸுக்காக நிற்கிறேன், அண்ணே. அன்றைக்கு நான் சொன்னதை நீங்கள் நம்பினீர்களா, இல்லையா... எனக்குத் தெரியாது.

போய்ட்டு வாங்கண்ணே.