ஆஷ்ஃபோல்டின் எல்லைக்கல்

பேருந்தின் கதவு திறந்ததும் ஈரச் சாணமும் புளித்த தீவனமும் கலந்த வாடை முகத்தில் வந்து மோதியது. மத்திகிரி மாட்டுப்பண்ணைச் சாலையின் மழைக்காலக் காலை ஒன்று அப்படியே எழுந்து நின்றது. ஓசூரை விட்டுக் கிளம்பி மூன்று நாள்கூட ஆகவில்லை. அதற்குள் மூக்கு ஏங்கத் தொடங்கிவிட்டது.

2007 மே, சனிக்கிழமை மாலை. ஹெரிஃபோர்டிலிருந்து பன்னிரண்டு மைல், டிக்கெட் இரண்டு பவுண்டு எண்பது. ஓட்டுநர் மீதிச் சில்லறையோடு வானிலை பற்றிய ஒரு வருத்தத்தையும் சேர்த்துக் கொடுத்தார். நிறுத்தத்தில் தங்கை மல்லிகா, கைகளைக் கோட்டுக்குள் விட்டபடி நின்றாள். ஓசூர்த் தொழிற்சாலை ஒன்று வேலைக்கு அனுப்பிய கணவனோடு இங்கே வந்தவள். அவன் மாரடைப்பில் போய் மூன்று வருடம். இப்போது இந்த ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் இருக்கிறாள். அவளைக் கூட்டிப்போகத்தான் வந்திருந்தேன். சிங்காரப்பேட்டையில் அம்மா ஓர் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, ஜன்னலுக்குத் திரையும் தைத்து வைத்திருந்தாள்.

ஆஷ்ஃபோல்டு ஒரே தெரு. ரொட்டியும் தபால்தலையும் ஒரே மேசையில் விற்கும் கடை, ஒரு மதுக்கடை, கம்பளி விற்ற காசில் கட்டியதாகச் சொல்லும் கோபுரத்தோடு ஒரு தேவாலயம். அதன் சுவரில், போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள். நான்கு பேருக்கு ஒரே குடும்பப் பெயர். அந்தக் குடும்பத்தில் மிச்சம் இருப்பவர் பக்கத்து வீட்டு டாம், எழுபதைத் தாண்டிய பால்பண்ணைக்காரர். வரைபடம் வருவதற்கு முன்பிருந்தே ஊர் எல்லையை ஆண்டுக்கொரு முறை எல்லோரும் நடந்து பார்க்கிறோம், அதனால்தான் அது ஓரடிகூட நகரவில்லை என்றார். நாளைக்குத்தான் அந்த நடை. நீயும் வா என்றார்.

இரவுச் சாப்பாட்டில் ஊர்ப் பேச்சு வந்தது. போன வருடம் ஊத்தங்கரையில் மாமா மகள் கல்யாணம், லீவு போட்டு இவளும் வந்திருந்தாள். சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு மணமேடைப் பக்கம் போன மல்லிகாவின் கையிலிருந்து சித்தி அதைச் சிரித்தபடியே வாங்கிக்கொண்டு, பந்தியைப் போய்ப் பார்க்கச் சொன்னாள். யாரும் அதட்டவில்லை, அவ்வளவு மெதுவாக நடந்தது. அதைச் சொல்லிவிட்டு மல்லிகா ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றினாள். நானும் அம்மாவின் அறையைப் பற்றிப் பேசவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது. ஆளுக்கொரு வில்லோ மரக் குச்சி. வேலியோரம், ஓடையோரம், மஞ்சள் பூ வயலோரம் நடந்து, ஒவ்வோர் எல்லைக்கல்லையும் குச்சியால் தட்டினோம். எல்லையை அடிப்பது என்றே இந்த நடைக்குப் பெயராம். எங்கள் பக்கமும் எல்லைதான், வரிசையாக லாரிகள் நிற்கும் என்று டாமிடம் சொன்னேன். தாண்டினால் பலகையில் எழுத்து கன்னடமாகிவிடும், ஆனால் பேச்சு அதற்குப் பல மைல் முன்பே மாறியிருக்கும். உங்கள் எல்லையை யார் அடிக்கிறார்கள் என்று கேட்டார். வரி ஆபீஸ்காரர்கள், ஆனால் லாரிக்காரனைத்தான் அடிக்கிறார்கள் என்றேன்.

வெள்ளைப் பூப்பூத்த முள்மரத்தடியில், பாதி புதைந்த கடைசிக் கல். கிருஷ்ணகிரிப் பக்கம் இப்படி ஒரு கல் வயலோரம் நின்றால் அது நடுகல், சண்டையில் செத்த வீரன். நான் யோசிக்கவே இல்லை, ஷூவைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். நிமிர்ந்தால், டாம் குனிந்து தன் பூட்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தபால் கடைக்காரம்மா கழற்றியே விட்டார். மரியாதைக்காக ஊரே காலுறையோடு சேற்றில் நின்றது.

"அண்ணா, அது வெறும் எல்லைக்கல்லுண்ணா," என்ற மல்லிகாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூன்று வருடமாக நான் கேட்காத சிரிப்பு.

அந்தக் கல்லில் ஒரு வழக்கம் உண்டாம். ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவரை நான்கு பேர் தூக்கி, கல்மேல் மெதுவாக மூன்று முறை இடித்து உட்கார வைப்பார்கள். உடம்புக்கு எல்லை மறக்காதாம். அன்றோடு அவர் இந்த ஊர்க்காரர். நான் ஊருக்குப் போகப்போகிறவள் என்று சொல்லி மல்லிகா வருடா வருடம் தள்ளிப்போட்டு வந்ததை டாம் சொன்னார். இந்த வருடமும் அவர் கேட்டார், கட்டாயமில்லை என்ற பாவனையோடு.

மல்லிகா என்னைப் பார்த்தாள். பிறகு குச்சியை என் கையில் கொடுத்துவிட்டு, துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் போனாள். தூக்கினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லோரும் கை தட்டினார்கள். ஈரக்கல்லின் மேல், கூட்டத்துக்கு நடுவில், என் தங்கை உட்கார்ந்திருந்தாள். என் சட்டைப்பையில் இரண்டு பேருக்கான விமான டிக்கெட் இருந்தது.

திங்கள் காலை, நிறுத்தத்தில் நாங்கள் இருவர் மட்டும். பச்சையாய், அமைதியாய், நனைந்து கிடந்தது ஊர். மூக்கண்டப்பள்ளியில் இந்நேரம் ஷிப்டு மாறியிருக்கும், கம்பெனி பஸ்கள் புழுதியைக் கிளப்பியிருக்கும். அந்தப் புழுதிக்குள் இவளை ஒரு தடவை பார்த்துவிட மாட்டோமா என்றிருந்தது. வளைவில் பேருந்து தெரிந்தது. அம்மாவிடம் என்ன சொல்ல என்று கேட்டேன்.

"நீ ஒண்ணும் சொல்லாதண்ணா. நீ சொன்னா நான் கோவிச்சிகிட்டு இங்கயே இருந்துட்ட மாதிரி ஆயிடும். நானே சொல்லிக்கறேன்."