பூநாரைகளைக் காட்டிக்கொடுத்த வாய்

தூத்துக்குடியில் பால்துரை நடத்திய போட்டோ ஸ்டூடியோவில் பாதி வேலை அவர் மனைவி சீனித்தாயுடையது. படம் எடுப்பது அவர். இருட்டறையில் பிலிம் கழுவுவது அவள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. விடிந்ததும் இருவரும் பஸ் பிடித்து ஆறுமுகநேரி உப்பளத்துக்குப் போய்விடுவார்கள். மார்கழி, தை மாதங்களில் அங்கே பூநாரைகள் இறங்கும்.

மூன்று வருஷமாக ஒரு படமும் சரியாக விழவில்லை. மனிதத் தலை தெரிந்தாலே கூட்டம் எழுந்து பறந்துவிடும். 1946 தை மாதம் சீனித்தாய் ஒன்றைக் கவனித்தாள். வரப்பு கட்டத் தலையில் ஓலைப்பெட்டியில் சேறு சுமக்கும் பெண்கள் பக்கத்தில் போனால் மட்டும் பறவைகள் அசைவதில்லை. அவள் காமிராவை அதே மாதிரி ஓர் ஓலைப்பெட்டியில் வைத்துத் தலையில் ஏற்றினாள். அளத்தில் வேலை செய்யும் தங்கத்தாயின் பின்னால், முழங்கால் சேற்றில், அவளைப் போலவே நடந்தாள். இருபதடி தூரத்தில் பெட்டியை இறக்கினாள். அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி மேய்ந்துகொண்டிருந்த ஏழு பறவைகள் படத்தில் விழுந்தன.

பால்துரைக்குப் பெருமை தாங்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் கடை முகப்பில் மாட்டினார்.

இரண்டு வாரம் கழித்து அவர்கள் போனபோது அளம் வெறிச்சென்று கிடந்தது. சேற்றில் இளஞ்சிவப்பு இறகுகள். தங்கத்தாய் ஓடி வந்தாள்.

"நேத்து கப்பல் கம்பெனி துரையும் அவன் ஆளுவளும் வந்தானுவ, அக்கா. எங்களைப் போலவே தலையில பெட்டியத் தூக்கிட்டு வரிசையா நடந்தானுவ. பெட்டி மேல துப்பாக்கிய வச்சு சாக்கைப் போட்டு மூடிருந்தானுவ. ஒரு பறவைகூட எந்திரிக்கல. கிட்ட நின்னு சுட்டானுவ, முப்பதுக்கு மேல. மிச்சம் இருந்ததும் இன்னைக்குக் காலையில நாங்க பெட்டியோட இறங்குனதுமே பறந்துட்டு."

வரப்போரம் சிறகு முறிந்த ஒரு பறவை எழுவதும் விழுவதுமாக இருந்தது. சீனித்தாய் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பெட்டி விஷயம் நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். யாருகிட்டச் சொன்னீய?"

"கம்பெனி ஹெட்கிளார்க் ஜெபசிங் கடைக்கு வந்தாரு. இவ்வளவு கிட்ட எப்படிப் போனீயன்னு கேட்டாரு..."

"எம் பொண்டாட்டி கண்டுபிடிச்சதுன்னு சொன்னீயளா?"

அவர் குனிந்து வேட்டியில் பட்ட சேற்றைத் தட்டினார்.

"நீங்களே கண்டுபிடிச்ச மாதிரி பீத்திருக்கீய!"

"ஏளா, சுடுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"துரை வீட்டுச் சுவத்துல வரிசையா மான் தலை மாட்டிருக்குன்னு வந்து சொன்னது யாரு? நீங்கதான?"

மதியத்துக்குள் அந்தப் பறவை செத்தது. திரும்பும் பஸ்ஸில் அவள் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜெபசிங் கடைக்கு வந்து ஒரு பிலிம் சுருளை மேசைமேல் வைத்தார்.

"அண்ணாச்சி, துரையோட வேட்டைப் படம். பறவையை எல்லாம் வரிசையாப் போட்டு எடுத்தது. நாளைக்கே வேணும். நீங்க சொன்ன வழி அருமையான வழி!"

பால்துரை வாய் திறக்குமுன் சீனித்தாய் உள்ளிருந்து வந்து சுருளை எடுத்தாள். வாசலில் இறங்கி, உச்சி வெயிலில், பிலிம் முழுவதையும் உருவி விரித்தாள். கழுவாத பிலிமில் வெயில் பட்டால் ஒரு படமும் தேறாது.

"என்னம்மா இது!" என்று பதறினார் ஜெபசிங்.

"கழுவத்தான கொண்டாந்தீரு? கழுவியாச்சுன்னு உம்ம துரைகிட்டப் போய்ச் சொல்லும்."

"அண்ணாச்சி, இதுக்கு நீங்க பதில் சொல்லணும்."

பால்துரை நாற்காலியை விட்டு மெல்ல எழுந்தார். "அவ செஞ்சது சரிதான்" என்றார்.

அதன்பிறகு கம்பெனி ஆட்கள் யாரும் அந்தக் கடைக்குப் படம் எடுக்க வரவில்லை. சீனித்தாய்க்குக் கோபமும் இறங்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டபோதெல்லாம், "செத்த பறவைகிட்டப் போய்க் கேளுங்க" என்றாள்.

அடுத்த தை மாதம் இருவரும் மறுபடி அளத்துக்குப் போய் ஒரு வரப்புக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்தார்கள். பூநாரைகள் தூரத்தில் இறங்கின. மெல்ல மெல்ல மேய்ந்தபடியே வரப்பை நெருங்கின. பால்துரை காமிராவைக் கையில் எடுத்தார்.

சீனித்தாய் சட்டென்று எழுந்து இரண்டு கையையும் ஓங்கித் தட்டினாள். கூட்டம் கிளம்பிக் கடல் பக்கம் பறந்தது.

"ஏளா! என்ன செய்த?"

"மனுசனைக் கண்டா அதுக பயந்தே கெடக்கட்டும்" என்றாள் அவள். பறக்காமல் பின்தங்கி நின்ற ஓர் இளம் பறவையை நோக்கி மறுபடியும் கையைத் தட்டிக்கொண்டே ஓடினாள்.