மலை ஏறும்போது இறங்கிய முள்

கள்ளக்குறிச்சிக்கு வெளியே, ஒரு பக்கம் கரும்பும் மறுபக்கம் பிளாட் போட்ட கல்லுமாக இருக்கும் சாலையில்தான் நான் டிப்ளமோ படித்த கல்லூரி. விமானப் பராமரிப்புப் படிப்பு. விமானம் மட்டும் கிடையாது. கழற்றிப் போட்ட ஓர் இன்ஜின், இரண்டு சக்கரங்கள், கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்த ஓர் ஆல்டிமீட்டர், அவ்வளவுதான். விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று விமானிக்குக் காட்டும் கருவி அது. சேர்க்கை நோட்டீசில் அதன் படத்தைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் கச்சிராயபாளையத்தில் கரும்பு போடும் எங்கப்பா என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

வகுப்பில் முப்பது பையன்கள், நாங்கள் நான்கு பெண்கள். ஆய்வகப் பொறுப்பாளரை லேப் சார் என்போம். அலமாரிச் சாவி அவர் இடுப்பில் இருக்கும். பிராக்டிகல் அன்று கருவியை எடுத்து மேசை மேல் வைப்பார். பையன்கள் குமிழைத் திருகி முள்ளை ஓட்டிப் பார்ப்பார்கள்.

"பொண்ணுங்க கையெழுத்து நல்லா இருக்கும். நீங்க ரீடிங் எழுதிக்கினு இருங்க" என்பார்.

முதல் தடவை இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது. மூன்று வருடமும் எழுதினேன். ஆல்டிமீட்டரின் உட்புறத்தை எத்தனை முறை படம் போட்டிருப்பேனோ தெரியாது. பென்சிலைச் சீவிச் சீவி, ஒவ்வொரு பாகத்துக்கும் அம்புக்குறி போட்டு, பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறேன். கருவியைத் தொட்டதில்லை.

தப்பு, தொட்டிருக்கிறேன், மூன்று முறை. மூன்றும் ஆயுத பூஜைக்கு. அன்றைக்கு மட்டும் சாவி எங்களுக்காக வெளியே வரும். "பொண்ணுங்கல்லாம் வந்து சந்தனம் குங்குமம் வையுங்க" என்று கூப்பிடுவார். முதல் வருடம் ஆல்டிமீட்டர் என் கைக்கு வந்தபோது கண்ணாடி மேல் விரலைக் கொண்டுபோனேன். "கண்ணாடில வைக்காதம்மா, நம்பர் மறையும். பின்னாடி வையி" என்றார். திருப்பினேன். பின்பக்கம் கருப்பாக இருந்தது. நடுவில் சின்னதாக ஒரு வட்டம். பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடம் போல இருந்தது. சந்தனத்தை அழுத்தி வைத்து மேலே குங்குமம் இட்டேன். அடுத்த வருடமும் அதற்கு அடுத்த வருடமும் பழைய பொட்டின் மேலேயே வைத்தேன். பூஜை முடிந்ததும் லேப் சார் எண்ணெய்த் துணியால் கருவியை ஒரு துடை துடைத்து உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்.

கடைசி வருடம் மாசி மாதத்தில் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருவதாகச் சொன்னார்கள். ஆல்டிமீட்டரை மாணவர்கள் பயன்படுத்துவது போலப் போட்டோ வேண்டுமாம். கல்லூரிப் பேருந்தில் கல்வராயன் மலைக்குக் கிளம்பினோம். புறப்படும் முன் லேப் சார் குமிழைத் திருகி முள்ளைக் கள்ளக்குறிச்சியின் உயரமான நானூறு அடியில் நிறுத்தினார். கோமுகி அணை தாண்டி ஏற்றம் தொடங்கும் வரை கருவி பையன்களிடம் இருந்தது. அதற்குள் பாட்டுச் சத்தம் கூடி, அவர்கள் எழுந்து ஆடப் போய்விட்டார்கள். ரீடிங் பார்க்க ஆளில்லை.

"இந்தாம்மா, நீ பாரு" என்று என்னிடம் கொடுத்தார்.

மடியில் வைத்துக்கொண்டேன். பேருந்து வளைவுகளில் உறுமிக்கொண்டு ஏறியது. எனக்குக் காது அடைத்தது. முள்ளைப் பார்க்கிறேன், முந்நூற்றைம்பது. சன்னல் வழியாக வெயில் நேராக என் மடியில் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்சம் போனதும் முந்நூறு, இன்னும் கொஞ்சம் போனதும் இருநூற்றைம்பது. நாங்கள் ஏறுகிறோம், முள் இறங்குகிறது.

"சார், முள்ளு கீழ போவுதுங்க" என்றேன்.

வந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. "இன்னாம்மா பண்ண? இவ்ளோ நாள் நல்லா இருந்துச்சு, உன் கைக்கு வந்ததும் கெட்டுப்போச்சு. கீழ போட்டியா?"

"இல்லைங்க சார், மடியிலயே வச்சுக்கினு இருந்தேன்."

"இதுக்குத்தான் பொண்ணுங்க கைல குடுக்கறது இல்ல. உன் ரெக்கார்டு நோட்டுல நான் கையெழுத்து போட மாட்டேன்" என்று கருவியைப் பிடுங்கிக்கொண்டு எனக்கு முன் இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

ரெக்கார்டு நோட்டில் அவர் கையெழுத்து இல்லாவிட்டால் பிராக்டிகல் தேர்வு எழுத முடியாது. தேர்வு இல்லாவிட்டால் டிப்ளமோ இல்லை. மூன்று வருடம் தொடாமல் காத்த பொருளை மூன்று நிமிடம் மடியில் வைத்ததற்கு இந்தத் தண்டனை. பின்னால் பையன்கள் சிரித்தார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான்.

அவர் கருவியைச் சன்னலோரம் வைத்திருந்தார். பின் இருக்கையிலிருந்து எனக்கு முள் தெரிந்தது. மரத்தடி நிழலில் பேருந்து போனால் முள் மெல்ல ஏறியது. வெயிலுக்கு வந்தால் இறங்கியது. அது மலையைப் பார்க்கவே இல்லை, வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். மெல்லிய உலோகத்தில், இரண்டு சாஸரை வாயோடு வாய் வைத்து ஒட்டியது போல ஒரு டப்பா. அதற்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடியிருப்பார்கள். சுற்றியிருக்கும் காற்று அதை எப்போதும் அமுக்கிக்கொண்டிருக்கும். உயரே போகப் போக அமுக்கம் குறையும், டப்பா புடைக்கும். புடைப்பது மயிரிழை அளவுதான். அந்த மயிரிழையை ஒரு கம்பி பல்சக்கரத்துக்குக் கடத்தும். பெரிய சக்கரம் கொஞ்சம் அசைந்தால் சின்னச் சக்கரம் பல சுற்று சுற்றும், முள் ஓடும். கரண்டும் கிடையாது, பேட்டரியும் கிடையாது.

டப்பா கிழிந்திருந்தால் உள்ளே காற்று புகுந்து, முள் ஒரேயடியாக மேலே போய் நின்றிருக்கும். சக்கரம் சிக்கியிருந்தால் அசையவே அசையாது. இது அசைகிறது, வெயிலுக்கு ஒரு மாதிரி, நிழலுக்கு ஒரு மாதிரி. அடைபட்ட காற்றுதான் சூடானால் அதிகமாக அமுக்கும். அமுக்கம் கூடினால் கீழே இறங்கிவிட்டதாகத்தான் முள் நினைத்துக்கொள்ளும். எனக்குப் பக்கத்தில் இருந்தவளின் மடியில் ஒரு சிப்ஸ் பாக்கெட், கீழே வாங்கியது, உப்பிப்போய் வெடிக்கிற மாதிரி இருந்தது. டப்பாவை மூடியிருக்கும் ஆல்டிமீட்டரின் வெளிப்பெட்டியும் அந்தப் பாக்கெட்டைப் போலவே கள்ளக்குறிச்சிக் காற்றைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறது என்று எனக்கு உறைத்தது. வெளிக்காற்று உள்ளே வர அதற்கு ஒரே ஒரு ஓட்டைதான். படத்தில் நான் பின்பக்கம் அம்புக்குறி போட்டுக் காட்டும் ஓட்டை.

பின்பக்கம் என்று நினைத்ததும் ஆயுத பூஜைச் சந்தனம் நினைவுக்கு வந்தது.

வெள்ளிமலையில் டீக்கடை முன்னால் நிறுத்தினார்கள். லேப் சார் கருவியைப் பெஞ்சில் வைத்துவிட்டு டீ வாங்கப் போனார். "ஒரு நிமிஷம் பாக்கட்டுங்களா சார்" என்றேன். "வேணாம்மா, பண்ணது போதும்" என்றார். நான் எடுத்துவிட்டேன். திருப்பினேன். வட்டத்தில் என் சந்தனம், மூன்று வருடச் சந்தனம், எண்ணெய் ஊறிக் கல்லாக உட்கார்ந்திருந்தது. துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்திக் கிளறினேன். துகள் உதிர்ந்தது. மெல்லிசாக ஒரு 'ஸ்' சத்தம். முள் கிறுகிறுவென்று ஓடி இரண்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டி நின்றது.

பையன்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். லேப் சார் டீ கிளாசோடு வந்து பெஞ்சில் கிடந்த துகளைத் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"யாரு இதுல சந்தனம் வச்சது?"

சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. "நான்தாங்க சார். நீங்கதான் பின்னாடி வைக்கச் சொன்னீங்க."

"பின்னாடி வையின்னா ஓட்டைலயா வைப்ப? மூணு வருசமா படம் போட்டுக்கினு இருக்கிற, இன்னா ஓட்டைன்னு தெரியாதா?"

அது சுருக்கென்று குத்தியது, ஏனென்றால் உண்மை. முதல் வருடம் தெரியாது. மூன்றாம் வருடம் அந்த ஓட்டையின் பெயர், வேலை, அது அடைத்தால் வரும் ஆபத்து எல்லாம் எழுதி மார்க் வாங்கியவள் நான். எழுதிய கையாலேயே அதை அடைத்தேன். காகிதத்தில் இருந்த ஓட்டைதான் கையில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"படத்துல தெரியுங்க சார். கைல குடுத்ததே இல்லியே" என்றேன்.

அவர் கருவியை எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறினார். கல்லூரிக்குத் திரும்பியதும் நோட்டில் கையெழுத்துப் போட்டார். கீழே சிவப்பு மையில் ஒரு வரியும் சேர்த்தார்: கருவிகளைக் கையாளும்போது மாணவி கவனமாக இருக்க வேண்டும். அவர் சொல்லித்தான் தொட்டேன், அவர் காட்டிய பக்கத்தில்தான் வைத்தேன், கெட்டதை நான்தான் கண்டுபிடித்துச் சரி செய்தேன். கவனமாக இருக்க வேண்டியவள் மட்டும் நான்.

இப்போது சென்னையில் விமானங்களைப் பராமரிக்கும் இடத்தில் வேலை. விமானத்தைக் கழுவும்போது அதே மாதிரி ஓட்டைகளை நாங்களே மூடுவோம். மூடியில் நீளமாகச் சிவப்பு ரிப்பன் தொங்கும், யாரும் எடுக்க மறந்துவிடக் கூடாது என்று. எடுத்துவிட்டேன் என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் நகரும்.

போன ஆயுத பூஜைக்கு, அந்தக் கல்லூரியில் இப்போது படிக்கும் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி போன் செய்தாள்.

"அக்கா, லேப் சார் ஆல்டிமீட்டருக்குப் பொட்டு வைக்கச் சொன்னாருக்கா. ஓட்டைய விட்டுட்டுத் தள்ளி வையின்னு கரெக்டா காட்டனாரு."

"பிராக்டிகல்ல கைல குடுக்கறாரா?"

"இல்லக்கா. நாங்க ரீடிங் எழுதறோம்."