பீப்பாவுக்கு இடமிருந்த வான்

வைத்திலிங்கம் அண்ணையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வரும். செத்தவரைப் பற்றி அப்படிச் சொல்லக்கூடாது என்பார்கள். சொல்லாமல் இருக்க என்னால் ஏலாது. புங்குடுதீவில் எங்கள் வளவுக்கும் அவர்கள் வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். அந்த வேலிக்கு அப்பால் அவருடைய தங்கை மீனலோசனி, நான் லோசனி அக்கா என்று கூப்பிடுகிறவள், தண்ணீர் சுமந்தே தேய்ந்ததைப் பார்த்துக்கொண்டுதான் நான் வளர்ந்தேன்.

எங்கள் ஊரில் வீட்டுக் கிணறெல்லாம் உவர். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், வாயில் வைக்க முடியாது. குடிக்கிற தண்ணீருக்குப் பனங்கூடலுக்கு அங்கால் உள்ள நல்ல தண்ணிக் கிணற்றுக்குத்தான் போகவேண்டும். அதிலும் எல்லாச் சாதியாரும் அள்ள முடியாது. கரைப்பக்கத்திலிருந்து வரும் பிலோமினம்மாவும் மற்றப் பெண்களும் குடத்தை வைத்துக்கொண்டு தள்ளி நிற்பார்கள். அள்ளக்கூடியவர்கள் வந்து, மனம் வைத்து ஊற்றினால் உண்டு. பெரிய மனிதர் வீட்டுப் பெண்கள் பலர் கண்டும் காணாமல் போவார்கள். லோசனி அக்கா முதலில் அவர்களுடைய குடங்களை நிரப்பிவிட்டுத்தான் தன் குடத்தை நிரப்புவாள்.

செவ்வாய்க் குற்றம் என்று அவளுடைய சாதகத்தைக் கட்டி அலுமாரிக்குள் வைத்துவிட்டார்கள். அதன் பிறகு அவள் அந்த வீட்டில் தங்கையா வேலைக்காரியா என்று யாரும் கேட்கவில்லை. அண்ணி சிவக்கொழுந்துக்கு எப்போதும் நாரிப்பிடிப்பு, இடுப்பை அசைக்க ஏலாது. ஆகவே குடம் லோசனி அக்காவின் இடுப்பில்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் வைத்திலிங்கம் அண்ணை கொழும்புக் கடையைப் பங்காளியிடம் விட்டுவிட்டு ஊரோடு வந்தார். வரும்போது பேக்கரிப் பாண் விற்கிற பழைய வான் வண்டி ஒன்றையும் கொண்டுவந்தார். காலிமுகத்திடலில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வானுக்குள்ளேயே சமைத்து வானுக்குள்ளேயே படுத்ததைப் பார்த்தாராம். அன்றே பிடித்தது பைத்தியம். தச்சரைக் கூப்பிட்டு உள்ளே இரண்டு பக்கமும் இருக்கிறதுக்கு நீட்டு வாங்கு அடிப்பித்தார். இரவில் நடுவில் பலகை போட்டால் கட்டில். பின்பக்கம் மண்ணெண்ணெய் அடுப்பு. யன்னலுக்குத் திரை. சித்திரை வருசம் முடிந்த கையோடு குடும்பமாக வெளிக்கிட்டு, வழியெல்லாம் கோயில் பார்த்துக் கதிர்காமம் வரை போவதென்று ஏற்பாடு. சிவக்கொழுந்தின் தம்பி வானோட்டுவான்.

திரைச்சீலை தைத்தது லோசனி அக்கா. மா வறுத்தது, தூள் இடித்தது, தட்டை வடை சுட்டுத் தகர ரின்னில் அடைத்தது எல்லாம் அவள்தான். யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு அப்பால் அவள் போனதே இல்லை. கோயிலை விட அவளுக்கு ஆசை ஆற்றில். எங்கள் தீவில் ஆறு ஏது? ஒருநாள் அவள் அண்ணையிடம் கேட்டது வேலியடியில் நின்ற என் காதில் விழுந்தது.

"அண்ணை, கதிர்காமத்து மாணிக்க கங்கையில தண்ணி ஓடிக்கொண்டே இருக்குமோ? அள்ளத் தேவையில்லையோ?"

"ஓம், ஓம். நீ போய் நடுவில இரு, அது உன்னை முழுக வாக்கும்."

அவள் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. பின்னேரம் வேலியருகே வந்து, "பிள்ளை, ஆரும் அள்ளித் தராமல், நானும் ஆருக்கும் அள்ளிக் குடுக்காமல், ஒருக்கா தண்ணியில இருந்துபோட்டு வரப்போறன்," என்றாள். வானில் தனக்கென்று இடமும் பார்த்து வைத்திருந்தாள். இடது வாங்கின் கடைசி மூலை, யன்னலோரம்.

பிறகுதான் அந்த வீட்டில் தண்ணிக் கதை தொடங்கியது. வழியில் கண்ட கண்டவர்கள் அள்ளுகிற கிணற்றில் எப்படிக் குடிப்பது? ஊர்த் தண்ணீரைப் பீப்பாவில் கொண்டுபோவதென்று வைத்திலிங்கம் அண்ணை முடிவெடுத்தார். இருபது வருசம் கொழும்பில் எவன் ஊற்றிய தேத்தண்ணியையும் உறிஞ்சிக் குடித்த வாய் அது! ஊருக்குள் கால் வைத்ததும் சாதி நாக்கில் வந்து குந்திவிட்டது. சீ!

பைப் பூட்டிய பீப்பா ஒன்று வாங்குக்குக் கீழே போனது. அதோடு விட்டார்களா? படையலுக்குச் சமைக்கிற தண்ணீரும் குடிக்கிற தண்ணீரும் ஒன்றாக இருக்கக் கூடாதென்று சிவக்கொழுந்து அக்கா நின்றார். இரண்டாவது பீப்பா வந்தது. அதுவும் பைப் பூட்டியதுதான், ஆனால் பெரிது. பயணத்துக்கு முதல்நாள் முழுக்க லோசனி அக்கா பனங்கூடலுக்கும் வீட்டுக்குமாக நடந்து இரண்டையும் நிரப்பினாள். அந்தப் பெரிய பீப்பாவை எங்கே வைக்கப்போகிறார்கள் என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

விடியற்காலை வழியனுப்ப நான் அவர்கள் வாசல் படலையடிக்குப் போனேன். லோசனி அக்கா நீலச் சேலை உடுத்து, ஒரு பன்பையோடு வந்தாள். இடது வாங்கின் மூலையை அறுத்துவிட்டு அந்த இடத்தில் பீப்பாவை ஏற்றி, கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார்கள்.

"மச்சாள், நீர் குறை நினைக்காதையும்," என்றார் சிவக்கொழுந்து அக்கா. "வீட்டில விளக்கு வைக்கவும் ஆள் வேணும். மாடும் நிக்குது."

வைத்திலிங்கம் அண்ணை அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. வானின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இடமில்லை, என்ன செய்யிறது? அடுத்த முறை பாப்பம்," என்றார்.

அவளே நிரப்பிய தண்ணீர் அவளுடைய இடத்தில் ஏறி இருந்தது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பையை வைத்துவிட்டுப் படலையைத் தாண்டி ஒழுங்கைக்குப் போனாள். பிலோமினம்மாவும் இன்னும் சில பெண்களும் வெறுங்குடத்தோடு கிணற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு நேரே வானின் பின்கதவுக்கு வந்தாள்.

"பிலோமினம்மா, பைப்பைத் திறவுங்கோ."

"ஐயோ, வேண்டாம் பிள்ளை. அண்ணை நிக்கிறார்."

"நான் சுமந்த தண்ணி. நான் சொல்லுறன், உங்கட கையால திறவுங்கோ."

பிலோமினம்மா திறந்தாள். வைத்திலிங்கம் அண்ணை ஓடிவந்து கத்தினார். ஆனால் அந்தப் பெண்களுக்கு நடுவே புகுந்து பைப்பை மூட அவரால் முடியவில்லை. உடம்பு முட்டிவிடுமே! தூர நின்றே துள்ளினார். குடங்கள் மாறி மாறி நிறைந்து, பீப்பா வெறுமையானதும் லோசனி அக்கா கயிற்றை அவிழ்த்து அதை நிலத்தில் உருட்டிவிட்டாள். பிறகு ஏறி அந்த மூலையில், வானின் வெறும் தரையில், காலை மடக்கி உட்கார்ந்தாள்.

"இப்ப இடமிருக்கு, அண்ணை. போவம்."

அவர் போகவில்லை. வானில் கண்ட கையெல்லாம் பட்டுவிட்டதாம், இனி அதில் கோயிலுக்குப் போக ஏலாதாம். மஞ்சள் தண்ணீரால் கழுவவேண்டும் என்றார் சிவக்கொழுந்து அக்கா. கழுவத் தண்ணீர் அள்ளுகிறவளோ உள்ளே இருந்தாள். மத்தியானம் வரை இறங்கவில்லை. அந்த வீட்டில் வேறு ஒருவரும் வாளியைத் தொடவுமில்லை. தங்கையை ஏற்றிக்கொண்டு போவதை விடப் போகாமல் விடுவது மேல் என்று, எல்லாச் சாமானையும் இறக்கிவிட்டார்கள். இப்படியும் மனிதர் இருப்பார்களா என்று கேட்காதீர்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கண்டது.

அந்த ஆடிக் கலவரத்தில் கொழும்பில் தமிழர் கடைகள் எரிந்தன, அவருடைய கடையும் போனது. அதன் பிறகு கதிர்காமப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வானுக்குள் கோழி அடை கிடந்தது. லோசனி அக்கா மறுபடியும் குடத்தோடு பனங்கூடலுக்கு நடந்தாள். அவள் அண்ணையோடு பேசவில்லை; அண்ணையும் அவளோடு பேசுவதை விட்டிருந்தார். அவள் கொண்டுவந்த தண்ணீரைக் குடிப்பதை விடவில்லை.

தொண்ணூற்றொன்றில் ஆமி வந்து இறங்க, தீவை விட்டு எல்லாரும் ஓடினோம். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தையும் விட்டு, கிளாலியில் வள்ளம் ஏறி வன்னிக்கு வந்தோம். வைத்திலிங்கம் அண்ணை ஆசைப்பட்ட பயணம் அப்போதுதான் கிடைத்தது. குடும்பமாக வீதியில் சமைத்து வீதியிலேயே படுத்தோம். கையில் தண்ணீர் இல்லை. கிளிநொச்சிக்குக் கிட்ட, மழைக்குப் பிறகு கனகராயன் ஆறு மண்ணிறமாக ஓடிக்கொண்டிருந்தது. மேலே மாடுகள் நின்றன. சனம் உடுப்புத் தோய்த்தது, பிள்ளைகளைக் கழுவியது, எல்லாரும் ஒன்றாக. எந்த ஊர், என்ன சாதி என்று ஒருவரும் கேட்கவில்லை.

வைத்திலிங்கம் அண்ணை தட்டுத்தடுமாறி இறங்கினார். முழங்காலில் குந்தி, அந்தக் கலங்கல் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தார். தாடியில் வழிய வழியக் குடித்தார். எனக்கு வந்தது அருவருப்பா இரக்கமா என்று கேட்டால், அருவருப்புத்தான்.

லோசனி அக்கா கரையில் நின்று தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமயிர் முழுக்க நரைத்துவிட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு முதல் முறையாக அவரோடு பேசினாள்.

"தள்ளி இருங்கோ, அண்ணை. எனக்கு இடம் வேணும்."