பிவிசி பைப்பில் ஒரு ஷாகுஹாச்சி

துபாய் தேராவில் ஆபீஸ் முடிந்து நான் காய்கறி வாங்கும் சூப்பர்மார்க்கெட்டின் அறிவிப்புப் பலகையில், பெட் ஸ்பேஸ் வாடகைக்கும் பழைய சோபா விற்பனைக்கும் நடுவே அந்தத் தாள் ஒட்டியிருந்தது. ஜப்பானிய மூங்கில் குழல் கற்றுக்கொள்ளலாம், வெள்ளிக்கிழமை காலை, சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடைசி வரி எனக்காகவே எழுதியதுபோல இருந்தது. நான் ஏசி டிசைன் செய்யும் இன்ஜினியர். கோயம்புத்தூரில் சின்ன வயதில் பாட்டு வகுப்புக்குப் போய் ஒரே மாதத்தில் நின்றவள்.

"ஏனுங்க, போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"அஜ்மான்ல இருந்து லீவு நாள்லயும் துபாய்க்கு வண்டி ஓட்டோணுமா? உனக்குப் பிடிச்சா போ. நான் தூங்கறேன்."

சொல்லிக்கொடுத்த ஜப்பானியப் பெண்ணுக்கு ஏறக்குறைய என் வயதுதான். ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. வகுப்பு நடந்த அவர் ஃப்ளாட்டின் ஜன்னலுக்குக் கீழே அப்ரா படகுகள் போய்வந்துகொண்டிருக்கும். எனக்கு முன்பே இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள்: ஹோட்டலில் பியானோ வாசிக்கும் பிலிப்பைன்ஸ்காரர், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் ஐரிஷ் பெண்மணி. அந்தக் குழலின் பெயர் ஷாகுஹாச்சி. நாதஸ்வரத்தைப் போல நேராகப் பிடிக்க வேண்டும், ஆனால் சீவாளி கிடையாது. மேல்முனையில் சரிவாகச் செதுக்கிய விளிம்பில் மூச்சு பட்டால்தான் சத்தம் வரும். முன்னால் நான்கு துளை, பின்னால் ஒன்று.

பியானோக்காரருக்கு முதல் நாளே சத்தம் வந்ததாம். எனக்குப் பல வாரம் வெறும் காற்றுதான். தலை சுற்றும், உட்கார்ந்துகொள்வேன், மறுபடி எழுந்து ஊதுவேன். எனக்கு வெட்கமாக இல்லை. காற்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் தொழில். இதுவும் ஒரு நாள் வழிக்கு வரும் என்று தெரியும். வந்தது. அடிவயிற்றிலிருந்து எழுந்த மாதிரி ஒரு நீண்ட கீழ்சுரம். மூன்று பேரும் கைதட்டினார்கள்.

துபாயில் இருக்கும் ஜப்பானியக் குடும்பங்களின் வசந்தகால விழாவில் எங்களை வாசிக்கச் சொல்லி அழைப்பு வந்தது அதற்குப் பிறகுதான். விழாவுக்குச் சில வாரங்கள் முன்பு, லீவில் ஊருக்குப் போயிருந்த ஆசிரியை திரும்பி வந்து அலமாரியைத் திறந்தால், அவருடைய குழல் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. எங்களுக்காக வாங்கி வைத்திருந்த குழல்களிலும் விரிசல். ஏசியை அணைக்காமல் போயிருந்தார்.

"ஒன்றும் புரியவில்லை. இது ஈரமான ஊர்தானே?" என்றார்.

"வெளியேதான் ஈரம். ஏசி அந்த ஈரத்தை எல்லாம் உறிஞ்சிவிடும். உங்கள் வீட்டுக்குள் இருப்பது பாலைவனம்," என்றேன்.

ஒட்டிக் கட்டிச் சரிசெய்ய ஜப்பானுக்குத்தான் அனுப்ப வேண்டும். விழாவுக்குள் திரும்பி வராது. நிகழ்ச்சியை ரத்து செய்துவிடலாம் என்று பியானோக்காரர் சொன்னார்.

"வேண்டாம். நான் செய்து தருகிறேன், பிவிசி பைப்பில்," என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, ஆனால் சொல்லும்போதே முடியும் என்று தோன்றிவிட்டது.

மறுநாள் சைட்டில் ஸ்டோர் பார்க்கும் புதுக்கோட்டைக்காரரிடம் போய் நின்றேன்.

"எந்த லைனுக்கு மேடம் பைப்பு? டிராயிங்ல இப்படி ஒண்ணும் இல்லையே."

"லைனுக்கு இல்லீங்க, ஊதறதுக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வெட்டுத்துண்டு கிடக்கு, எடுத்துக்கங்க. சத்தம் வந்தா எங்களுக்கும் காட்டணும்."

பிளந்த குழலை அளந்து டிராயிங் போட்டேன். அஜ்மான் வீட்டுப் பால்கனியில் கணவர் பைப்பை இறுக்கிப் பிடிக்க, நான் டிரில் போட்டேன். முதல் குழலில் அடிச்சுரம் சரியாக இருந்தது, மேலே போகப் போக எல்லாச் சுரமும் சுருதி ஏறிப் பேசியது. மூங்கில் உள்ளே குறுகிக்கொண்டே போகும், பைப் குறுகாது; அதனால் துளைகளின் இடத்தை மாற்ற வேண்டும் என்று பிறகுதான் உறைத்தது.

"இன்னொண்ணு வெட்டு. இதை நான் துணி காயப்போட வெச்சுக்கறேன்," என்றார் கணவர்.

அடுத்தடுத்த குழல்கள் தேறின. வெள்ளிக்கிழமை அதில் நல்லதொன்றை ஆசிரியையிடம் நீட்டினேன். சாம்பல் நிறப் பைப்பை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனம் புண்படுமோ என்று அப்போது மட்டும் கொஞ்சம் பயந்தேன்.

"இங்கே என்ன அச்சடித்திருக்கிறது?"

"எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பது."

"அப்படியானால் பயப்படாமல் ஊதலாம்," என்று சொல்லி உதட்டில் வைத்தார். அந்தச் சுரம் அறை முழுக்க நின்றது. ஊதி முடித்ததும் சிரித்தார். ஊரிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

விழாவில் நாலு பேரும் சாம்பல் நிறக் குழலோடு மேடையேறினோம். முன்வரிசையில் சிலர் கிசுகிசுத்தார்கள். வாசிக்கத் தொடங்கியதும் கிசுகிசுப்பு நின்றுவிட்டது. நடுவில் எனக்கு ஒரு சுரம் வழுக்கியது. ஐரிஷ் பெண்மணி சற்றுப் பலமாக ஊதி அதை மூடிவிட்டார். முடிந்ததும் ஒரு கூட்டமே மேடைக்கு வந்தது. என்ன மரம் இது என்று கேட்ட முதியவரிடம், "தண்ணீர் பைப். இவர் செய்தது," என்று ஆசிரியை என்னை முன்னால் தள்ளினார். முதியவர் குழலை வாங்கி ஊதிப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஆசிரியையின் ஃப்ளாட் ஹாலில் உட்கார இடமில்லை. ஜப்பானியர்கள், ஒரு கேரள நர்ஸ், லெபனான்காரர் என்று புதிதாகப் பலர் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் முதல் குழல் என் பால்கனியிலிருந்துதான் போனது. ஸ்டோர்காரருக்கும் வாசித்துக் காட்டினேன். "கப்பல் சங்கு மாதிரி இருக்கு மேடம்," என்றார்.

பிறகு ஆசிரியைக்கு தோஹாவுக்கு மாற்றலாகிவிட்டது. வகுப்பை நானும் பியானோக்காரரும் ஏற்றுக்கொண்டோம். அங்கே போய்ச் சில மாதத்தில் போன் செய்தார். அங்கேயும் கற்றுக்கொள்ள ஆள் சேர்ந்துவிட்டதாம், குழல் அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

"பைப் அங்கேயே கிடைக்கும். அளவு சொல்கிறேன், நீங்களே துளை போடுங்கள்."

"நானா? டிரில்லைத் தொட்டதே இல்லை!"

"நான் மட்டும் சங்கீதம் தெரிந்தா வந்தேன்?"

அடுத்த வாரமே மறுபடி கூப்பிட்டு, போனிலேயே ஊதிக் காட்டினார். மூன்றாவது துளையின் சுரம் லேசாக இறங்கியிருந்தது. அரத்தால் மேல்பக்கம் ஒரு இழை தேய்க்கச் சொன்னேன். போனைக் கீழே வைத்துவிட்டுத் தேய்க்கும் சத்தம் கேட்டது. மறுபடி ஊதினார். சரியாக இருந்தது.