பேசாமல் உட்காரும் வேலை

எண்பதுகளின் நடுவில் போளூர்ப் பக்கம் ஒரு தொழுநோய் மருத்துவமனையில் ஆலோசகராக இருந்தேன். ஏழு வருடம் நோயாளிகளோடு பேசிப் பழகிய என்னை ஒரு நாள் மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். மலைக்குப் போகும் இரண்டு ஆலோசகர்களின் வேலையை நான் பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இருவரில் ஒருவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். முன்பு எங்கள் வார்டில் ஆயாவாக இருந்து, பயிற்சி முடித்து வந்தவர். நான் அக்கா என்பேன். அவர் மேடம் என்பார்.

அவரோடு முதல் முறை ஜவ்வாது மலைக்குப் போனது, மாத்திரையை நிறுத்திவிட்ட ஒரு பெண்ணைப் பார்க்க. அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா மழையைப் பற்றியும் புளி விளைச்சலைப் பற்றியும் விசாரித்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே புகுந்து, மருந்தை விட்டால் விரல்கள் மரத்துப்போகும் என்று விளக்கினேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நன்றாகச் செய்ததாகத்தான் நினைத்தேன்.

இறங்கும் வழியில் அக்கா கேட்டார்: "நீங்களே பேசிட்டீங்க. அப்ப நான் இன்னாத்துக்கு வந்தேன்?"

குரலில் கோபம் இல்லை.

அடுத்த மாதம் அவர் தனியாகப் போய் வந்தார். கொடுத்த மாத்திரை அப்படியே இருந்ததாம். "பெரிய மேடம் வர்லியான்னு கேக்குது அந்தப் பொண்ணு. எங்கிட்ட வாயே தெறக்கல."

மறுமுறை நானும் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்துப் பேசினாள். நான் அக்காவைப் பார்த்தேன். மெல்ல அவளும் அந்தப் பக்கம் திரும்பினாள். மறுபடியும் மழை, புளி. வாயைத் திறக்காமல் இருப்பது பெரும்பாடாக இருந்தது. வெகுநேரம் கழித்து அவளே சொன்னாள்: "அந்த மாத்திரையத் துன்னா தோலு கறுத்துப் போவுதுங்க. ஊர்ல இன்னா ஏதுன்னு கேக்குறாங்க." சொல்லிவிட்டு அழுதாள்.

அக்கா அவசரமாக, "மாத்திர முடிஞ்சா கொஞ்சம் கொஞ்சமா நெறம் வந்துடும்" என்றார்.

பஸ்ஸில் கேட்டேன்: "அவங்க அழுதப்ப ஏன்க்கா ஒடனே பேசிட்டீங்க?"

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தார். "எனக்கே தாங்கல மேடம்."

போளூர் வரும்வரை அதைப் பற்றித்தான் பேசினோம். அதன்பின் வாரம் ஒரு நாள் அப்படி உட்கார்ந்து பேசினோம். நோயாளியைப் பற்றி ஆரம்பித்தாலும் பேச்சு அக்காவின் மனசில்தான் வந்து நிற்கும். அதைக் கேட்பதுதான் என் வேலை என்று புரிய ஓராண்டு ஆயிற்று.

அந்தப் பெண் மறுபடி மாத்திரை எடுத்துச் சிகிச்சையை முடித்தாள். கடைசிப் பரிசோதனைக்கு வந்தபோது அக்காவோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். வராந்தாவில் என்னைக் கடந்து போனாள்; அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கொஞ்சம் வலித்தது.